ஒரே எண், இரண்டு என்ஜின்

“ஏனுங்க, விவரமான ஆளு ஒருத்தர அனுப்பறேன்னு சொன்னீங்க. இங்க ஒரு புள்ளை வந்து நிக்குதுங்க.”

நான் எதிரில் நிற்கும்போதே என் ஆபீஸ் சாருக்குப் போன் செய்து அந்தப் பெரியவர் இப்படிச் சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முன்பு, தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய தோட்டத்தில், மாசி மாதத்துக் காலை நேரம் அது. முதல் நாள் இரவு யானை வந்து வாழையை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோபமும் அவர் குரலில் சேர்ந்திருந்தது என்று நினைக்கிறேன். சார் பதிலுக்கு என்ன சொன்னாரோ தெரியாது. பெரியவர் “செரி, பாக்கட்டும்” என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கார் நின்ற கொட்டகையைக் கையால் காட்டினார்.

நான் கோவையில் ஒரு வாகன மதிப்பீட்டாளரிடம் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா தென்னை ஏறிக் காய் போடுகிறவர். அம்மா களையெடுக்கவும் மஞ்சள் வெட்டவும் போகிறவர்.

விபத்துக்குள்ளான வண்டிகள், கடனுக்கு அடமானம் வைக்கும் வண்டிகள் என்று தினமும் எதையாவது பார்ப்பது எங்கள் ஆபீஸின் வேலை. எப்போதாவது பழைய காலத்துக் கார் ஒன்று வரும். அப்படி வந்த முதல் காரிலேயே எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. பழைய என்ஜின்களில் அடித்திருக்கும் எண் வெறும் வரிசை எண் இல்லை. முன்னால் இருக்கும் எழுத்து என்ஜின் எத்தனை பெரிது என்று சொல்லும். அடுத்தது எந்த மாடலுக்காகச் செய்தது என்று சொல்லும். தரம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ற மாதிரி அமைத்ததா என்பதற்குக்கூட ஓர் எழுத்து உண்டு. கியர்பாக்ஸுக்குத் தனி எண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கார் எந்த வருடம் எப்படிப் பிறந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே காகிதத்தில் விழும். பதிவு வேலைகளுக்கு எல்லோரும் செய்வதுதான். நான் ஆபீஸுக்கு வரும் ஒவ்வொரு பழைய வண்டியிலும் எனக்கென்று இன்னொரு அச்சு எடுத்துக்கொள்வேன். வெளிநாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் எழுதுவதை, புரியாத ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் தேடித் தேடிப் படிப்பேன். “இதெல்லாம் சோறு போடாது” என்று சார் சொல்வார். ஆனால் பழைய கார் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். தனியாக அனுப்பியது மட்டும் இதுதான் முதல் தடவை.

பெரியவரின் கார் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. உருண்டையான மூக்கு, கறுப்பு வண்ணம், உள்ளே சிவப்புத் தோல் இருக்கை. ஐம்பது வருடம் தாண்டிய கார்களுக்கு இப்போது தனிப் பதிவு இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்திருந்தார். வண்டியைப் பார்த்த போக்குவரத்து ஆய்வாளர் என்ஜின் எண்ணில் சந்தேகம் கிளப்பிவிட்டார். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் அதே எண்தான் என்ஜினிலும் இருக்கிறது. ஆனால் எழுத்துகள் கையால் அடித்த மாதிரி தெரிகின்றன, திருட்டு என்ஜினாக இருக்கலாம், தகுந்த ஆளிடம் அறிக்கை வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் போலீசுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

பெரியவருக்குப் பதிவு கிடைக்காமல் போவதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. “எங்கய்யன் ஊருக்கே நாயம் சொன்ன மனுசன். அவரு திருட்டு என்ஜின் வெச்சு ஓட்டுனாருன்னு நாளைக்கு ஒரு பய பேசிப்போட்டான்னா, நான் தலைய நிமித்தி நடக்க முடியுமா?” என்றார். அவர் என்னிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான். எண் அசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து என்ஜினைப் பார்த்தேன். எண் அடிப்பதற்காகவே இழைத்துச் சமமாக்கிய ஒரு சின்ன மேடை என்ஜினின் உடம்பான பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். அதில் எண் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழுந்திருந்தது. ஒன்று வலது பக்கம் சாய்ந்திருந்தது. இதே கம்பெனியின் இதே காலத்து எண்களில் நான்கின் வால் எப்படி இருக்கும் என்று என் போனிலேயே படம் இருந்தது. இந்த நான்கு அந்த நான்கு இல்லை. பிளாக்கின் இன்னொரு பக்கத்தில், வார்க்கும்போதே புடைத்து வரும் குறி ஒன்று உண்டு. அது வார்த்த வருடத்தைக் காட்டும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கார் கப்பல் ஏறிய வருடத்துக்கு ரொம்பவும் பிந்தியதாக இருந்தது. கார் பிறந்தபோது இந்த என்ஜின் இரும்பாகக்கூட உருகியிருக்கவில்லை.

ஆய்வாளர் சொன்னது சரிதான்.

“ஐயா, இந்த நம்பரு கம்பெனியில அடிச்சது இல்லீங்க. பின்னாடி யாரோ அடிச்சிருக்காங்க.”

“அப்ப எங்கய்யன் நம்பர மாத்துனாருங்கறயா?”

“யாரு அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அடிச்சது மட்டுந்தான் தெரியுது.”

“உனக்கென்ன வயசு?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் மறுபடியும் சாருக்குப் போன் போட்டார். இந்தத் தடவை குரல் ஏறிவிட்டது. பிறகு போனை என்னிடம் நீட்டினார். சார் கத்தவில்லை. “நீ சொல்றது சரியாக்கூட இருக்கும்மா. ஆனா மொத தடவையே இப்படி வேண்டாம். நானே நேர்ல வாரேன்னு அவருகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பி வந்துரு” என்றார்.

கிளம்பியிருக்கலாம். சார் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவரும் இதையேதான் சொல்வார். ஆனால் அவர் சொன்னால் அது தொழில், நான் சொன்னால் அது துடுக்கு. இந்த வித்தியாசம் எனக்குப் பொறுக்கவில்லை. “கியர்பாக்ஸ மட்டும் பாத்துட்டு வந்துர்றேன் சார்” என்றேன். “செரி, பாத்துட்டு வா” என்றார்.

அந்தச் சமயத்தில் பெரியவரின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெரியவருக்குச் சொந்த அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே இந்தத் தோட்டத்துக்கு வந்துபோய்ப் பழகியவர். “எந்தூரு கண்ணு? யாரு புள்ளை?” என்று கேட்டார்.

“மாதம்பட்டிப் பக்கமுங்க. அப்பா தென்னையில காய் போடறாருங்க.”

“அட, காய் போடறவரு புள்ளையா காருக்குள்ள பூந்து நம்பரு படிக்குது” என்று சிரித்தார். அதில் குத்தல் இல்லை. பிறகு கணவர் பக்கம் திரும்பி, “இவுரு பத்தாவதுலயே மூணு தடவை உக்காந்தவரு. அதாங் கோவம். நீ குடி” என்றார். பெரியவர் காதில் விழாத மாதிரி வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாக்கை விரித்துப் படுத்துக் காருக்கு அடியில் போனேன். கியர்பாக்ஸின் மேல் எண்ணெயும் மண்ணும் ரொட்டி மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தன. துணியால் துடைக்கத் துடைக்க எண் வெளியே வந்தது. வரிசையாக, ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில். கம்பெனிக்காரன் அடித்தது. முன்னெழுத்துகள் இந்த மாடலுக்கும் இந்த வருடத்துக்கும் அப்படியே பொருந்தின. கார் பிறந்தபோது அதனுடன் பிறந்த கியர்பாக்ஸ் அது.

அடியில் படுத்தபடியே யோசித்தேன். திருட்டு வண்டியிலிருந்து என்ஜினைக் கழற்றி மாட்டுகிறவன் கியர்பாக்ஸோடு சேர்த்துத்தான் கொண்டுவருவான். இரண்டும் ஒன்றாகக் கழன்று வருவதுதான் சுலபம். இங்கே கியர்பாக்ஸ் இடம் மாறவே இல்லை. யாரோ நிதானமாக, என்ஜினை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். கியர் இல்லாத என்ஜின் எதற்கு உதவும்? ரோட்டில் ஓட உதவாது. ஒரே வேகத்தில் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டிய வேலைக்கு உதவும்.

வெளியே வந்து, முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் கேட்டேன். “ஐயா, கரண்டு வர்றதுக்கு முன்னாடி உங்க கெணத்துல தண்ணி எதுலீங்க எறைச்சாங்க?”

“அதுக்கும் இதுக்கும் என்ன அம்மணி?” என்றார் பெரியவர். ஆனால் அவர் மனைவி செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

“இவுருக்குத் தெரியாது கண்ணு. இவுரு அப்ப கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல இருந்தாரு. நான் பாவாடை கட்டீட்டு இங்க வந்து வெளையாடற காலம். ஒரு வருசம் மழையே இல்லை. கெணத்துல தண்ணி அடியில கெடக்குது, மஞ்சளு காயுது. தண்ணி எறைக்கற கவலை ஓட்டி ஓட்டி மாடு ரெண்டும் படுத்துப்போச்சு. எங்க மாமா, இவுரு அய்யன், என்ன செஞ்சாரு, டவுனுல இருந்து ரெண்டு மெக்கானிக்கக் கூட்டியாந்து காரு என்ஜினக் கழட்டிக் கெணத்து மேட்டுல வெச்சுப்போட்டாரு. பெட்ரோல்ல கெளப்பி மண்ணெண்ணெயில ஓட்டுவாங்க. அந்தக் காருக்குள்ள எங்கத்தை கோழி அடைவெச்சுது. இவுரு லீவுக்கு வர்றதுக்குள்ள காரு மறுபடி ஓடுச்சு, கெணத்து என்ஜின இவுரு வெலைக்கு வாங்குனதுன்னுதான் நெனச்சாரு.”

“இத்தன வருசத்துல என்கிட்டச் சொல்லவே இல்ல நீ” என்றார் பெரியவர்.

“நீங்க என்னைக்குக் கேட்டீங்க? காருன்னா கிட்டயே போவாதேம்பீங்க.”

“அந்த என்ஜின் இப்ப எங்கீங்கம்மா?”

“எங்க போவும்? இரும்ப யாரு தூக்கிப் போடுவா?”

கிணற்று மேட்டில் ஓடு போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. புது மோட்டார் வேறு இடத்தில் வந்த பிறகு அதில் தேங்காய் மட்டையை அடைத்து வைத்திருந்தார்கள். பாம்பு இருக்கும் என்று பெரியவர் கம்பால் தட்டித் தட்டி முன்னால் போனார். மூவரும் சேர்ந்து மட்டையை வெளியே எடுத்துப் போட்டோம். மூலையில், சிமெண்ட் மேடையில் நான்கு போல்ட்டுகளுக்கு மேல், அது உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் பல வருடத்து ஆயுத பூசையாகக் காய்ந்து ஓடாகிக் கிடந்தன. எண் இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த ஓடு எல்லா இடத்தையும்விடத் தடியாக இருந்தது.

பெரியவர் அவசரமாக அரிவாளை எடுத்தார். “சுரண்டாதீங்க ஐயா” என்று கையைப் பிடித்தே தடுத்துவிட்டேன். அவர் கையைப் பிடித்தது பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் அரிவாளைக் கீழே போட்டார். மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்து அந்த இடத்தில் போர்த்தி ஊறவிட்டோம். ஊறிய பிறகு தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்தேன். குங்குமம் கரைந்து கை முழுக்கச் சிவப்பாகியது.

முதல் எழுத்து தெரிந்ததும் பெரியவர் குனிந்தார். தன் கார் எண் அவருக்கு மனப்பாடம். வாய் முணுமுணுக்கத் தொடங்கியது.

“ஐயா, தயவுசெஞ்சு சொல்லாதீங்க. உங்க வாயில கேட்டுட்டா என் கண்ணு அதையேதான் பாக்கும். நான் படிக்கறேன். அம்மா புஸ்தகத்துல பாத்துச் செரியான்னு சொல்லட்டும். நீங்க பேசக் கூடாது.”

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவர் மனைவி பதிவுப் புத்தகத்தைத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். நான் ஓர் எழுத்தைப் படிப்பேன். “ஆமா கண்ணு” என்பார். அடுத்ததைப் படிப்பேன். “ஆமா.” நடுவில் ஓர் எண் மூன்றா எட்டா என்று தெளிவாகத் தெரியவில்லை. ஊகித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இது தெரியலீங்க” என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். கடைசி எண் வரை சரியாக வந்தது. பிறகு காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். விட்டுப்போன எண் காகிதத்தில் மூன்றாக எழுந்து வந்தது.

“மூணு தானுங்களா?” என்று கேட்டேன்.

“மூணேதான்” என்றார் அந்த அம்மா. பெரியவர் வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து விரல் மேல் இறங்கியது.

திரும்ப வந்து காரில் இருந்த என்ஜினை மறுபடி பார்த்தேன். அசல் கிடைத்துவிட்டது என்றாலும், காரில் இருக்கும் பிளாக் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பாக்கி இருந்தது. அந்தச் சின்ன மேடையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கம்பெனியில் இழைத்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அறுபடாமல் ஓடின. ஏற்கெனவே இருந்த ஓர் எண்ணை அரத்தால் ராவி அழித்திருந்தால் அந்தக் கோடுகள் போயிருக்கும். அந்தக் காலத்தில் மாற்றுப் பொருளாகக் கடைக்கு வரும் பிளாக்குகள் எண் இல்லாமல் வெறுமையாகத்தான் வரும். அப்படி வந்த ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, பழைய எண்ணையே ஏதோ ஒரு பட்டறையில் கையால் அடித்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பெரியவர் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “புஸ்தகத்துல இருக்கற நம்பரு வண்டியில இல்லீன்னா தப்புன்னு நெனச்சிருப்பாரு அம்மணி. சட்டத்துக்குக் கட்டுப்படறதா நெனச்சுத்தான் அடிச்சிருப்பாரு.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதை நான் அறிக்கையில் எழுதவில்லை. இரும்பில் பார்த்ததை மட்டும் எழுதினேன். காரில் இருக்கும் எண் பின்னால் அடித்தது. அதற்கு அடியில் வேறு எண் எதுவும் இருந்ததற்கான தடயம் இல்லை. அசல் எண்ணுள்ள என்ஜின் அதே தோட்டத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸ் காரோடு வந்தது.

இரண்டு என்ஜின்களையும் நேரில் பார்க்க ஆய்வாளர் தோட்டத்துக்கே வந்தார். அன்றைக்கு நான்தான் வர வேண்டும் என்று பெரியவர் சாரிடம் கேட்டிருந்தார். ஆய்வாளர் கேள்வியை அவரிடம் ஆரம்பித்தார். “என்னையக் கேக்காதீங்க சார். எனக்கு ஓட்டத்தான் தெரியும். இந்த அம்மணியக் கேளுங்க” என்று ஒதுங்கி நின்றுகொண்டார். கார் முன்னாலும் கிணற்று மேட்டிலும் மாறி மாறி நின்று நான் விளக்கினேன். அந்த மெல்லிய கோடுகளின் மேல் ஆய்வாளர் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வாங்கி மறுபடி பார்த்தார்.

“அழிச்சு அடிச்சதில்லதான்” என்றார். “ஆனா காப்பி நம்பரோட இந்த பிளாக்க ரோட்டுக்கு விட முடியாது. அசல மாட்டிக் கொண்டாங்க. பாக்கலாம்.” கிளம்பும்போது என்னிடம், “நீங்க எங்க படிச்சீங்க?” என்று கேட்டார். அந்த ‘நீங்க’ இன்னும் என் காதில் இருக்கிறது.

கிணற்று என்ஜினைப் பிரித்து ஊறவைத்து, உள்ளே துருவைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு எழுப்ப ஐப்பசி ஆகிவிட்டது. கார் பதிவாகி வந்த அன்று பெரியவர் ஓட்ட, அந்த அம்மா முன் இருக்கையில், நான் பின்னால் சிவப்புத் தோல் இருக்கையில் உட்கார்ந்து பேரூர் கோயில் வரை போய்வந்தோம். வழியெல்லாம் அந்த அம்மா, “மாமாவோட காரு தண்ணியும் எறைச்சுது, கோழியும் பொரிச்சுது, இப்ப கோயிலுக்கும் போவுது” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான். “யாரு புள்ளைன்னு கேட்டிருப்பாங்களே, என்ன சொன்ன?”

“காய் போடறவரு புள்ளைன்னு சொன்னேன்.”

அப்பா பென்சில் அச்சைக் கேட்டு வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். காய் எண்ணிப் பழகிய விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், மூன்றில் நிறுத்தி, “இது மூணு” என்றார்.

அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. ஆனால் கடைசியில் கையெழுத்து சாருடையது. உரிமம் அவருக்குத்தான் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு “இது தெரியலீங்க” என்று ஓர் எண்ணை விட்டுவைக்க முடிந்தவளுக்கு, தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லும் உரிமையும் உண்டு என்பதை அந்தத் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். சென்ற மாதம், உரிமம் பெறுவதற்கான பயிற்சிக்கு என் பெயரைப் பதிவுசெய்துவிட்டேன்.